துடைத்து வைத்த தொட்டி

“என்ன கண்ணு காணாமப் போச்சு?” என்று தாஜுன்னிசா கேட்டதற்கு அந்தப் பெண், “தண்ணிங்க” என்றாள்.

அதுவரை பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு ஆவலாக உட்கார்ந்திருந்த அந்தோணிராஜ் மாஸ்டர் அதை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். தண்ணீர் காணாமல் போனால் பிளம்பரைக் கூப்பிட வேண்டும், கோவை கோட்டைமேட்டில் மாடியேறி வந்து துப்பறிகிறவர்களின் உயிரை வாங்கக் கூடாது என்பது அவர் கருத்து. மாஸ்டர் பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். விசில் ஊதியே காலம் தள்ளியவருக்கு எந்த ஆட்டத்திலும் சீக்கிரம் முடிவு தெரிந்தாக வேண்டும்.

தாஜுன்னிசாவுக்கு அந்த அவசரம் கிடையாது. இன்சூரன்ஸ் கம்பெனிக்காக எரிந்த கடைகளையும் நனைந்த குடோன்களையும் போய்ப் பார்த்துப் பார்த்து, பொய் சொல்கிறவர்களிலும் பல தினுசு உண்டு என்று கற்றுக்கொண்டவர். அவர் அந்தப் பெண்ணின் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். நகங்களின் ஓரத்தில் நகப்பூச்சைச் சுரண்டி எடுத்த மிச்சம் இருந்தது. விரலில் மோதிரம் கிடந்த தடம் இருந்தது, மோதிரம் இல்லை.

“நகப்பூச்சை எடுத்தது கல்யாணத்துக்காக. மோதிரத்தைக் கழட்டுனது கல்யாணத்தை நிறுத்தலாமுன்னு. சரிங்களா?” என்றார்.

அந்தப் பெண் கைப்பையிலிருந்து மோதிரத்தை எடுத்து மேஜைமேல் வைத்தாள். அப்புறம் அழுதாள். மாஸ்டர் மறுபடியும் பேனாவைத் திறந்தார்.

அவள் பெயர் லேயா. எர்ணாகுளத்து யூதக் குடும்பம். அப்பா பம்பு உதிரிபாக வியாபாரத்துக்காகக் கோவைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவர். இப்போது அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. லேயாவுக்கு வேலை சரவணம்பட்டியில். அதே கம்பெனியில் வேலை பார்க்கும் சென்னகிருஷ்ணனுக்கும் அவளுக்கும் வருகிற திங்கட்கிழமை பதிவுத் திருமணம். இரண்டு பக்கத்திலும் முணுமுணுப்பு இருந்தது. லேயாவின் சித்தி சிம்ஹா பல மாதம் அவளோடு பேசவே இல்லை. மாப்பிள்ளையின் அம்மா மாசாணம் பேசினார், ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரு ‘ங்க’ போட்டு மரியாதையாகவே பேசினார். அந்த மரியாதைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று லேயாவால் கண்டுபிடிக்க முடியவில்லை.

யூதப் பெண்கள் கல்யாணத்துக்கு முன்னால் ஒருமுறை தண்ணீரில் முழுதாக முங்கி எழ வேண்டும். உடம்பில் மோதிரமோ நகப்பூச்சோ ஒரு நூலோகூட இருக்கக் கூடாது. தலைமுடி உட்பட எல்லாம் உள்ளே போக வேண்டும். அந்தத் தண்ணீர் தானாக வந்த தண்ணீராக இருக்க வேண்டும். மழை, ஊற்று, ஆறு எதுவும் ஆகும். குடத்தில் மொண்டு ஊற்றியது ஆகாது. ஆற்றில் ஆள் நடமாட்டம், துணியில்லாமல் எப்படி முங்குவது? அதனால் சென்னகிருஷ்ணன் ஆனைமலையில் இருக்கும் தங்கள் தென்னந்தோப்பில் ஓட்டுக் கொட்டகைக்குள் தரையைத் தோண்டிப் படி வைத்து ஒரு தொட்டி கட்டினான். கூரை மழை குழாய் வழியாக நேரே அதில் விழும். சித்தி மனம் இளகித் தோப்பு வீட்டுக்கே வந்து தங்கி, எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்று சுவரில் ஒரு கோடு கீறி வைத்தார். ஆடி மழை இந்த வருஷம் ஏமாற்றிவிட்டது. கோட்டுக்கு ஒரு சாண் கீழேயே தண்ணீர் நின்றது. ஞாயிறு காலைக்குள் ஒரு மழை பெய்தால் போதும் என்று லேயா தினமும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இன்னிக்குக் காலைல போய்ப் பாத்தா ஒரு சொட்டு இல்லீங்க. பூட்டு பூட்டுனபடியே இருக்குது. சாவி சித்திகிட்ட ஒண்ணு, அவருகிட்ட ஒண்ணு, அத்தைகிட்ட ஒண்ணு. அவரு ரெண்டு நாளா பெங்களூர்ல இருக்காரு. நேத்து மத்தியானம் அத்தை கார் தோப்புக்கு வந்துச்சுன்னு காவக்காரர் சொன்னாரு. போன்ல கேட்டேன். அந்தப் பக்கமே வரலீன்னுட்டாங்க.” லேயா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “எங்கம்மா சாகறப்ப சொன்னாங்க. உனக்குச் சடங்கு செஞ்சு வைக்க யாரும் வராமப் போகலாம், ஆனா தண்ணிக்கு யாரோட அனுமதியும் வேண்டாம், நீ முங்கினாப் போதும்னு. எங்கம்மா குடுத்துட்டுப் போனது அது ஒண்ணுதான். அதையே தொறந்து விடறவங்க ஊட்டுக்கு நான் எப்படிங்க போறது? அத்தைதான் செஞ்சாங்கன்னா, இந்த மோதிரத்தை நீங்களே அவருகிட்டக் குடுத்துடுங்க.”

தாஜுன்னிசா மோதிரத்தை ஒரு கைக்குட்டையில் முடிந்து பர்ஸில் வைத்துக்கொண்டார். எங்க மார்க்கத்துலயும் கடமைக் குளிப்புன்னா நகப்பூச்சு ஆகாது, ஒரு மயிர்க்கால் காய விடக் கூடாது கண்ணு, எனக்குப் புரியுது என்று மட்டும் சொன்னார்.

அன்று பிற்பகலே மூவரும் ஆனைமலைக்குப் போனார்கள். பஸ்ஸில் பொள்ளாச்சி தாண்டுவதற்குள் மாஸ்டர் மாமியாரைக் குற்றவாளியாக்கி, அதற்கு மூன்று காரணமும் கண்டுபிடித்துவிட்டார். தாஜுன்னிசா ஜன்னல் பக்கம் பார்த்தபடி ‘சரிங்க மாஸ்டர்’ என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

சிம்ஹா சித்தி ஒல்லியான மனுஷி. காதருகில் நரைத்த முடி, மூக்கின் நுனியில் கண்ணாடி. தனக்கு எதுவும் தெரியாது என்று மலையாள வாடையுள்ள தமிழில் சொன்னார். சொல்லும்போது எதிரில் நின்றவர்களைப் பார்க்காமல் மேற்கே மலைப்பக்கம் மேகத்தைப் பார்த்தார்.

கொட்டகைக்குள் தாஜுன்னிசா செருப்பைக் கழற்றிவிட்டுத் தொட்டியின் படிகளில் இறங்கினார். அடியில் இருந்த தக்கை அதன் துளையில் இறுக்கமாகச் செருகியிருந்தது. தரையைக் கையால் தடவிப் பார்த்தார், நான்கு மூலைகளிலும் தடவினார். பிறகு சுவரை ரொம்ப நேரம் பார்த்தார். சித்தி கீறிய கோட்டின்மேல் அதே உயரத்தில் மெல்லிய மஞ்சள் தடம் ஒன்று தொட்டியைச் சுற்றி ஓடியது. வாசலருகே ஆழ்துளைக் கிணற்றுக் குழாய் ஒன்று இருந்தது. அதன் அடியிலும் பக்கத்துச் சுவரிலும் உப்புப் பொரிந்து வெள்ளை வெள்ளையாகக் காய்ந்திருந்தது. தொட்டியின் சுவரில் அப்படி எதுவும் இல்லை.

வெளியே தொட்டித் தண்ணீர் போகும் வாய்க்கால் இளந்தென்னைகளின் பாத்திகளில் போய் முடிந்தது. பாத்தி மண் இன்னும் ஈரம். கொட்டகைச் சுவரில் ஓர் ஏணி சாய்ந்து நின்றது. கூரையோரத் தகரக் கால்வாயில் ஒரு சருகுகூட இல்லை, அத்தனையும் வாரிக் கீழே குவித்திருந்தது. கொடியில் சித்தியின் துணிகளோடு மஞ்சள் கறை பட்ட ஒரு வெள்ளைத் துண்டும் காய்ந்தது. மாஸ்டர் பெண்கள் துணியைப் பார்க்கக் கூடாது என்று நாகரிகமாகத் திரும்பிக்கொண்டார். துப்பறிகிறவருக்கு அவ்வளவு நாகரிகம் ஆகாது.

“ஏணி வச்சு ஏறுனது யாருங்க?” என்று தாஜுன்னிசா கேட்டார்.

“நான்தான். இன்று காலையில்” என்றார் சித்தி.

திரும்பி வரும் வழியில் மாஸ்டர் கட்சி மாறிவிட்டார். இப்போது சித்திதான் குற்றவாளி. கல்யாணம் பிடிக்காமல் பல மாதம் பேசாதிருந்தவர், சாவி வைத்திருக்கிறவர், முகத்தைப் பார்த்துப் பேசாதவர், வேறென்ன வேண்டும் என்று கேட்டார்.

“ஒண்ணு மட்டும் சொல்லுங்க மாஸ்டர். நேத்து மழை பெஞ்சுதுங்களா?”

“ஏதுங்க மழை? அதுதானே அந்தப் புள்ளையோட கவலையே.”

“அப்ப கோட்டுக்குக் கீழ நின்ன தண்ணி கோடு வரைக்கும் எப்படி ஏறுச்சு?” என்று கேட்டுவிட்டு அவர் கண்ணை மூடித் தூங்க ஆரம்பித்தார். மாஸ்டருக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை காலை ஆர்.எஸ்.புரத்தில் மாசாணத்தின் வீட்டுக்குப் போனார்கள். கல்யாண வீடு. வாசலில் பந்தக்கால், உள்ளே வெற்றிலைத் தட்டுகள். மாசாணம் பூசினாற்போன்ற உடம்பும் பெரிய பொட்டுமாக ஓடி வந்து கும்பிட்டார். பேச்சுக்கு முன்னால் சொம்பில் தண்ணீர் வந்தது.

“குடிங்க அம்மணி, சிறுவாணித் தண்ணி. இந்தத் தண்ணிய ஒருக்காக் குடிச்சவங்களுக்கு வேற தண்ணி எறங்காதுங்க. தோப்புத் தண்ணி ஒரே உப்பு. யாராச்சும் விருந்தாளி வந்தா நானு இங்கிருந்துதான் கொண்டுக்கிட்டுப் போவேன்.” சொன்ன பிறகு சட்டென்று வாயை மூடிக்கொண்டார்.

வராந்தா ஓரத்தில் பெரிய தண்ணீர் கேன்கள் வரிசையாகக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. ஒரு வீட்டுக்கு அத்தனை கேன் எதற்கு என்று மாஸ்டருக்கே தோன்றியது. தாஜுன்னிசா தொட்டி விஷயத்தை எடுத்ததும் மாசாணத்தின் முகம் வெளுத்தது.

“தொட்டி வெடிச்சுப்போச்சுங்களா?” என்றார் மெதுவாக.

தொட்டி வெடித்ததாக யாரும் சொல்லவில்லை. தாஜுன்னிசா அதைப் பற்றி ஒன்றும் கேட்காமல் சொம்பைக் காலி செய்துவிட்டு, பொழுது சாய்வதற்குள் தோப்புக்கு வர முடியுமா என்று மட்டும் கேட்டார். வாரேனுங்க என்றார் மாசாணம். புடவைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

பிற்பகலில் கொட்டகைக்குள் ஐந்து பேரும் தொட்டியைச் சுற்றி நின்றார்கள். லேயா ஒரு மூலையில், மாசாணம் எதிர் மூலையில். சித்தி வாசலில் நின்று வானத்தைப் பார்த்தார். கூட்டத்தைக் கூட்டிவிட்டு உண்மையைச் சொல்லும் இந்தக் கட்டத்துக்காகவே மாஸ்டர் இந்த வேலைக்கு வந்தவர். கைகளைக் கட்டிக்கொண்டு வாசலை மறித்து நின்றார், யாராவது ஓடிவிடுவார்கள் என்பதுபோல.

“தண்ணிய எறக்கிவிட்டது யாருன்னுதான் நாம தேடுனோம்” என்று தாஜுன்னிசா ஆரம்பித்தார். “அதுதான் தப்பு. இங்க நடந்தது ஒண்ணில்ல, ரெண்டு. மொதல்ல ஒருத்தர் தண்ணி ஊத்துனாங்க. அப்புறம் இன்னொருத்தர் எறக்கிவிட்டாங்க. இந்த மஞ்சத் தடத்தைப் பாருங்க. சித்தி போட்ட கோட்டுமேல அப்படியே நிக்குது. மழை பெய்யல, ஆனா தண்ணி கோட்டைத் தொட்டிருக்குது. மழை வந்து ஏறுன தண்ணி கோடு பாத்து நிக்காது. கை பாத்து ஊத்துன தண்ணிதான் சரியா அங்க நிக்கும். இங்கிருக்கற குழாய்த் தண்ணியா இருந்தா சுவரெல்லாம் உப்புப் பொரிஞ்சிருக்கும். இல்ல. அப்ப நல்ல தண்ணி, எங்கிருந்தோ கேன்ல வந்த தண்ணி. அதுல மஞ்சளும் கரைச்சிருக்குது. கெடுக்க வாரவங்க மஞ்சள் கரைச்சு ஊத்த மாட்டாங்க.”

மாசாணம் தொட்டியின் விளிம்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

“நாந்தானுங்க” என்றார். “என் மகன் இந்தக் கோடு வரைக்கும் தண்ணி வந்தாத்தான் புள்ளை முங்கும்னு சொன்னான். இந்தப் புள்ளை தெனமும் வானத்தையே பாத்துக்கிட்டு நிக்கறதைப் பாத்தா எனக்கு வவுறு எரிஞ்சுது. தாயில்லாப் புள்ளை. ஒரு சாண் தண்ணிக்கு இப்படி ஏங்கோணுமா? நம்ம ஊட்டுல சிறுவாணி வருது, அதைவிட நல்ல தண்ணி எங்க இருக்குது? கேன் கேனாக் கொண்டாந்து ஊத்திப்போட்டேன். நல்ல காரியத்துக்குன்னு ஒரு துளி மஞ்சளும் போட்டேன். சொல்லாம ஊத்துனா மழைன்னு நெனச்சுச் சந்தோசப்படுமுன்னு இருந்தேன். மக்யா நாளு காலைல நீ போன்ல தண்ணி ஒண்ணுமே இல்லீன்னு கேட்டதும், நான் ஊத்துன பாரத்துல தொட்டி வெடிச்சுப் போச்சுன்னு பயந்து போட்டேன் கண்ணு. அதுதான் பொய் சொன்னேன்.”

லேயா குனிந்து சுவரின் மஞ்சள் தடத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

“அப்ப எறக்கிவிட்டது?” என்று மாஸ்டர்தான் கேட்டார்.

“பகையில எறக்கிவிட்டவங்க தக்கையப் புடுங்கிப் போட்டுட்டுப் போயிருப்பாங்க. இங்க தக்கையத் திரும்பச் செருகியிருக்குது. வடிஞ்ச தொட்டில மூலைக்கு மூலை ஈரம் நிக்கும். இங்க நாலு மூலையும் காஞ்சு கெடக்குது, துணி போட்டுத் துடைச்சிருக்காங்க. அந்தத் துண்டு மஞ்சக் கறையோட கொடில தொங்குது. அதோட, கூரைக் கால்வாய்ல இருந்த சருகெல்லாம் வாரியிருக்குது. தொட்டியக் காலி பண்ணுனவங்களே, அடுத்த மழைத் தண்ணி சுத்தமா உள்ள வரோணும்னு ஏணி வச்சு ஏறியிருக்காங்க.” தாஜுன்னிசா வாசல் பக்கம் திரும்பினார். “ஏனுங்க சித்தி, கோட்டுக்குக் கொறைஞ்சு நிக்கற மழைத் தண்ணில வெளித் தண்ணி கலந்தா என்ன ஆகும்?”

சிம்ஹா சித்தி கண்ணாடியைக் கழற்றினார். “எல்லாம் வீணாகும். கோட்டைத் தொட்ட பிறகு கலந்தால் குற்றமில்லை. அதற்கு முன்னால் கலந்தால் முழுவதும் வெளியே விட வேண்டும், துடைக்க வேண்டும், மழைக்கு மறுபடியும் காத்திருக்க வேண்டும்.” “புதன்கிழமை சாயங்காலம் வந்து பார்த்தேன். மஞ்சள் வாசனை. யார் செய்தார் என்று அப்போதே தெரிந்தது. சொன்னால் அந்த அம்மா உடைந்துபோவார். என் மருமகளின் தண்ணீரை நானே கெடுத்தேன் என்று ஆயுசு முழுவதும் நினைப்பார். நான் இந்தக் கல்யாணத்துக்கு எதிராக எத்தனை பேசியிருக்கிறேன்! இவ்வளவு ஆசையாய் ஒரு மாமியார் தண்ணீர் சுமந்து வருவார் என்று எனக்குத் தெரியாதல்லவா. அதனால்தான் யாரிடமும் சொல்லாமல் இறக்கிவிட்டேன். மழை வந்துவிடும் என்று நினைத்தேன்.”

ஒருவரை ஒருவர் நோகடிக்கக் கூடாது என்று மூன்று பேர் பொத்திப் பொத்தி வைத்ததில் ஒரு கல்யாணம் நின்றுபோக இருந்தது. நம் ஊர்ப் பக்கத்து மரியாதைக்கு இந்த ஆபத்து எப்போதும் உண்டு. ஏன் என்று கேட்டால் எதிராளி மனசு கோணுமோ என்று கேட்காமலே இருந்துவிடுவோம். கோடு எதற்கு என்று மாசாணம் கேட்கவில்லை. யாரும் அவருக்குச் சொல்லவும் இல்லை.

லேயா தொட்டியைச் சுற்றிக்கொண்டு போய் மாசாணத்தின் பக்கத்தில் உட்கார்ந்தாள். தண்ணீர் ஏன் தானாக வர வேண்டும், அம்மா என்ன சொன்னாள், ஆறு ஏன் ஆகவில்லை எல்லாவற்றையும் முதல் தடவையாகச் சொன்னாள். மாசாணம் மூக்கை உறிஞ்சிக்கொண்டே கேட்டார். ஆறு என்றதும் நிமிர்ந்தார்.

“ஆத்துத் தண்ணி ஆகுங்களா? அதை மொதல்லயே என்கிட்டச் சொல்லியிருக்கோணும் கண்ணு. எங்கண்ணன் தோட்டத்துக்குப் பொறகால ஆழியாத்துல ஒரு மடு இருக்குது. கழுத்தளவு தண்ணி. ரெண்டு பக்கமும் மூங்கப் பொதர். எங்க ஊட்டுப் பொம்பளைங்க அங்கதான் குளிப்போம். நாலு சேலையப் புடிச்சா ஒரு காக்காகூடப் பாக்க முடியாது.”

சித்தி கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு, தண்ணீர் ஓடுகிறதா, மலையிலிருந்து வருகிறதா, அடி தெரிகிறதா என்று கேள்விமேல் கேள்வி கேட்டார். எல்லாவற்றுக்கும் மாசாணம் ஆமாங்க, ஆமாங்க என்றார். கடைசியில் சித்தி ‘போதும்’ என்றார். மறுநாள் சனிக்கிழமை அவருக்கு ஓய்வு நாள் என்பதால் ஞாயிறு விடிகாலை என்று முடிவாயிற்று.

ஞாயிறன்று மடுவின்மேல் இன்னும் பனிப்புகை கலையவில்லை. மாஸ்டரைத் தோட்டத்து வேலிப் பக்கம் நிறுத்தி, முதுகைக் காட்டி நிற்கச் சொல்லியிருந்தார்கள். அவர் பழைய விசிலை எடுத்து வந்து கழுத்தில் மாட்டியிருந்தார். வழிதவறி வந்த ஒரு எருமையைக்கூட விசில் ஊதித் திருப்பி அனுப்பினார்.

கரையில் தாஜுன்னிசாவும் மாசாணமும் ஆளுக்கொரு முனையாகச் சேலைகளைப் பிடித்து மறைத்தார்கள். லேயா உள்ளே இறங்கினாள். சித்தி கரையோரம் குனிந்து நின்று பார்க்க வேண்டியவர். ஒவ்வொரு முறையும் எதுவும் வெளியே தெரியாமல் முங்கினாளா என்று சொல்ல வேண்டியது அவர் வேலை. லேயா முதல் முறை முங்கினாள். சித்திக்குக் கண்ணீரில் ஒன்றும் தெரியவில்லை. கண்ணாடியைத் துடைத்தார், மறுபடியும் மங்கியது.

“என் அக்கா நிற்க வேண்டிய இடம் இது” என்றார் உடைந்த குரலில். பிறகு பக்கத்தில் திரும்பி, “நீங்களும் பாருங்கள். ஒரு முடி மிதந்தாலும் சொல்லுங்கள்” என்றார்.

மாசாணம் தன் முனையை மூங்கிலில் கட்டிவிட்டு, புடவை நனைய ஆற்றின் விளிம்பில் மண்டியிட்டார். ஒரு விஷயத்தை ஒருமுறை தெரிந்துகொண்டால் அவர் பிறகு லேசில் விடுகிற ஆள் இல்லை.

லேயா மறுபடியும் முங்கி எழுந்தாள்.

“இல்ல கண்ணு” என்றார் மாசாணம். “ஒத்த முடி மேல நின்னுது. இன்னொருக்கா முங்கு. உங்கம்மா பாத்துக்கிட்டிருக்காங்க, கொறையில்லாம முங்கு.”

லேயா மூச்சை இழுத்துக்கொண்டு முங்கினாள். தண்ணீர் அவள்மேல் மூடி அமைதியானது. மாசாணம் விடாமல் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சித்தியின் கையைப் பிடித்து அழுத்தினார். சித்தி தங்கள் வழக்கச் சொல்லில் ‘கோஷேர்’ என்று உரக்கச் சொன்னார். அதற்கு என்னங்க அர்த்தம் என்று மாசாணம் கேட்டார். குறை ஒன்றும் இல்லை என்று அர்த்தம் என்றார் சித்தி.

லேயா துண்டைச் சுற்றிக்கொண்டு நடுங்கியபடி கரையேறியதும் தாஜுன்னிசா பர்ஸைத் திறந்து கைக்குட்டை முடிச்சை அவிழ்த்தார். லேயா மோதிரத்தை வாங்கவில்லை. ஈரக் கையை மாசாணத்திடம் நீட்டினாள்.

“அத்தை, நீங்க போட்டுவிடுங்க.”

மாசாணத்தின் கைகளும் ஈரமாகத்தான் இருந்தன. மோதிரம் ஒருமுறை வழுக்கியது. அப்புறம் விரலில் ஏறி உட்கார்ந்தது. வேலிப் பக்கமிருந்து மாஸ்டர், திரும்பலாமா என்று பொறுமையிழந்து கேட்டார்.